நாங்கள் வெட்டிய கிணறு

நேற்று பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு பெண் கரையில்லாத கருநீலச் சேலையில் முதுகு காட்டி நின்றாள். நீதான் என்று நினைத்துக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அவள் திரும்பினாள். யாரோ.

அந்த நீலத்தை நம் ஆறு குடும்பத்துப் பெண்களும் உடுத்தினோம். யாரும் யாரைவிடவும் பகட்டாகத் தெரியக் கூடாது என்று நீ எடுத்த துணி அது. நம் வேதக்கோயிலுக்கு வந்த ஒரு போதகர், அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, கரண்டும் மோட்டாரும் வேண்டாம் என்று குதிரை கட்டி உழுகிறார்கள் என்று சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோனோம். நீ மறக்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் உன் தம்பியைப் பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாய்:

"ஊரே ரயிலேறுது. நாமளாவது அப்பிடி ஒண்ணா இருந்து பாத்தா என்ன புள்ள?"

சித்தேரி மலையடிவாரத்தில் நிலம் வாங்கினோம். ஆறு வீடு, ஒரே சமையல். மாடு உழுதது, கிணற்றைக் கையாலேயே வெட்டினோம். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, போன் இல்லை. சட்டம் போட்டவள் நீ. பைத்தியம் பிடித்த கூட்டம் என்று சுற்று வட்டாரமே சொன்னது. எனக்கோ, அத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்து களி தின்ற அந்தப் பகல்களில் ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம், கடலைக் காட்டில் செல்வியின் மகளைக் கண்ணாடிவிரியன் கடித்தது. வண்டிக்குச் சொல்ல நம்மிடம் போன் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாய். நல்லவேளை, மலையிலிருந்து பஸ் இறங்கி வந்தது. டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் அரூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். பிள்ளை பிழைத்தது.

அந்த ஞாயிறு, ஜெபம் முடிந்ததும் நீ எழுந்து, ஒரு போன் வாங்க வேண்டும் என்றாய். நம்மில் மூத்தவரான அந்தோணி அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சட்டம் போட்டதே நீதான். நீயே ஒடைக்கிறயாம்மா?"

"ஆமாங்கண்ணா, நான்தான் போட்டேன். அதனாலதான் நானே ஒடைக்கிறேன். பஸ்ஸு வந்ததாலதாங்க புள்ள பொழச்சுது. நாம நல்லவங்கங்கிறதால இல்ல."

அவரும் இன்னொரு குடும்பமும் மறுவாரமே கிளம்பினார்கள். மிச்சமிருந்தவர்கள், போன் வந்தாச்சு, மோட்டாரும் வைத்துவிடலாமே என்றார்கள். நீ அதற்கு இணங்கவில்லை. "போன் உசுருக்கு. மோட்டாரு நம்ம அவசரத்துக்கு. கீழூர்க்காரங்களுக்கும் மண்ணுக்கடியில இதே தண்ணிதானே?" என்றாய். அவர்களும் போய்விட்டார்கள், செல்வி உட்பட. அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ அழவில்லை. வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாய்.

நீயும் நானும் என் வீட்டுக்காரரும்தான் மிச்சம். அன்று பொழுது சாய, "தோத்துட்டமா புள்ள?" என்று உன்னைக் கேட்டேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனயா? அதச் சொல்லு மொதல்ல" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே எழுந்து போய்த் தண்ணீர் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை.

என் வீட்டுக்காரர் முதலில் போய்ச் சேர்ந்தார். போன ஆனியில் நீ. உன்னை அடக்கம் செய்த மறுநாளே என் மகன் வந்து, "எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. ஓசூருக்கு வந்துரு" என்றான். அவன் நல்ல பிள்ளை. "முடிஞ்சா நானே சொல்றேன்டா" என்று அனுப்பிவிட்டேன். லைன் இழுத்துத் தருகிறோம் என்று கரண்ட் ஆபீஸ்காரர் வந்தார். "வேணாங்க" என்றேன். போனை மட்டும், கீழூரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் கேட்கிறார்கள்; இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆடியில் ஆள் வைத்து, உன் பங்கு நிலத்தையும் சேர்த்தே உழுது கேழ்வரகு விதைத்தேன்.

இந்தக் கோடையில் கீழூரில் போர்வெல் எல்லாம் வற்றிவிட்டது. பெண்கள் குடத்தோடு நம் கிணற்றுக்கு வந்தார்கள். புதிதாக வாக்கப்பட்டு வந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க வெட்டுனது இத?" என்று கேட்டாள்.

வெட்டியவர்களில் நான் ஒருத்திதான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"நாங்க" என்றேன்.