நல்ல நேரத்தில் வைத்த கையெழுத்து

கோப்பாய்,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் கிருஷாந்துக்கு,

நானும் அப்பாவும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் பதினொரு நாளாக உன் போன் வேலை செய்யவில்லை, நீ சுகம் என்று தெரிந்தால்தான் எங்களுக்கும் சுகம். அப்பாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது, தோட்டத்து வெங்காயமும் கிண்டி எடுத்து முடிந்தது.

ராசா, ஒன்று சொல்ல வேண்டும், ஏசாமல் வாசி. கொம்பனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பி, "அம்மா, உங்கை ஆரிட்டையும் காட்டி வாசிப்பிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டாயே, நான் ஒருவருக்கும் காட்டவில்லை. நீ வெளிநாட்டில் சூப்பவைசர் என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், இங்கிலீஷ் தாளை வாசிக்கத் தெரியாத சூப்பவைசரா என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். வேலை நிரந்தரமாகிற கடிதம்தான் என்று நானே முடிவுகட்டி, பஞ்சாங்கத்தைப் புரட்டி, "வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முதல் வை மோனை" என்றேன். நீயும் "வைச்சிட்டன் அம்மா" என்றாய், அன்று மோதகம் அவித்து எல்லோருக்கும் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து உன் போன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மாவின் மகள் கீர்த்திகா நெல்லியடியிலிருந்து வந்தாள். பெருமையாக அந்தத் தாளின் படத்தைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சின்னம்மா, இது அண்ணை தானா வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுக்கிற கடிதமெல்லோ" என்றாள். ரெசிக்னேசன் என்றால் தானாக விலகுவதாம், ரேமினேசன் என்றால் அவர்களாக வேலையால் நிற்பாட்டுவதாம். அலுமாரியிலிருந்த உன் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்த்தாள். அவர்கள் நிற்பாட்டினால் ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், ஊருக்கு வர பிளேன் ரிக்கற்றும் தர வேண்டும், தானாக விலகினவனுக்கு ஒன்றும் இல்லையாம். அதையெல்லாம் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பாடமாக்குகிறேன், இனிப் பாடமாக்கி என்ன. லீவு, ஓவர்டைம், கொன்ராக்ற் எல்லாம் வாயில் வந்ததால் இங்கிலீஷ் தெரிந்தவள் மாதிரித் திரிந்துவிட்டேன்.

உன்னை அனுப்பின ஏஜென்சிக்கும் போனோம். "கையெழுத்து உங்கடை மகன்ரை தானே, நாங்கள் என்ன செய்யிறது" என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அப்பா உன் ஒப்பந்தத்தை விரிப்பதும் மடிப்பதுமாகவே வந்தார். ஏசினாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கடை எம்பசிக்குப் போ மகன். வாசிக்கத் தெரியாமல் வைத்தேன், அம்மா சொல்லித்தான் வைத்தேன் என்று சொல்லு. வெட்கப்படாதே, நான் வெட்கப்பட்டதே போதும். நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார். மறக்காதே, இனி எந்தத் தாளுக்கும் என்னிடம் நேரம் கேட்காதே, வாசிக்கத் தெரிந்தவரைக் கேள்.

நாளைக் காலை தபால் கந்தோருக்குப் போகிறேன். என்னிடம் இருப்பது அந்தக் கொம்பனி விடுதியின் முகவரி மட்டும்தான், நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு அதையே எழுதுகிறேன்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா