நாற்பத்தாறில் ஒன்று

ஜூன் 9, 2008, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். முதல் ஷிஃப்ட். வால்வு பெட்டிகள் சோதனை. பெட்டிக்கு நாற்பத்தெட்டு. ஒரு பெட்டியில் நாற்பத்தேழுதான். சிவப்புச் சீட்டு ஒட்டி முழுப் பெட்டியையும் திருப்பினேன். பேக்கிங் முருகேசன் கத்தினான். "ஒன்னுதானே சார், இப்பவே போட்டுத் தரேன்!" முடியாது என்றேன். எண்ணிக்கையே தப்பு என்றால் உள்ளே இன்னும் என்னென்ன தப்போ, யார் கண்டது. பத்து வருஷமாக இதே சண்டை.

மாலை பஸ் பிடித்து பெங்களூர் ஆஸ்பத்திரி. என் மனைவி செல்வி வார்டுக்கு வந்து இருபது நாள். ரத்தப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்தது. தலையணை முழுக்க முடி. வாயெல்லாம் புண். தயிர்சாதம் நாலு வாய். "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாடு ஆச்சா கேட்ட நர்ஸிடம் கன்னடத்திலேயே வம்பளக்கிறாள், எல்லையோரக் கெலமங்கலத்துக்காரி. எனக்குத்தான் இத்தனை வருஷத்தில் அந்த பாஷை ஏறவில்லை. விருதுநகர் நாக்கு.

ஜூன் 11, புதன்

லீவு. குரோமோசோம் ரிப்போர்ட் வந்துவிட்டது. எலும்பு மஜ்ஜை எடுத்த நாளிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தோம். மனுஷனுக்கு நாற்பத்தாறு என்று டாக்டரம்மா அன்றே படம் போட்டுக் காட்டினார். இதில் 45. ஏழாம் ஜோடியில் ஒன்று இல்லை. மற்றதெல்லாம் சரி. அப்பாடா! என்னவெல்லாம் பயந்தேன்.

டாக்டரம்மா வெள்ளிதான் வருவாராம். அதுவரை பொறுமை ஏது? வார்டுக்கு ஓடினேன். "ஒன்னே ஒன்னுதான் கொறையுது செல்வி. மிச்சம் நாப்பத்தஞ்சும் பாஸு!" என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். துணைக்கு இருக்கும் அத்தை, செல்வியின் அம்மா, உடனே ஊருக்கு போன், கோயிலில் தேங்காய் உடைக்கச் சொல்லி.

ஜூன் 13, வெள்ளி

டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஏழுல ஒன்னு போயிருக்கிறது கெட்ட வகை சார். கீமோவுல அடங்கினாலும் சீக்கிரம் திரும்பிடும். கூடப் பிறந்தவங்க மஜ்ஜை பொருந்தினா பார்க்கலாம்." செல்வி ஒரே பிள்ளை என்றேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஆளுக்கு ஆள் மாறும். ஆனா வருஷக் கணக்குல பேச முடியல."

மடப்பயல் நான். தேங்காய் வேறு உடைத்தார்கள். கக்கூஸில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். செல்வியிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

ஷிஃப்டில் எதையும் எண்ண முடியவில்லை. இரண்டு முறை தப்பு.

வாங்க: தலைக்குப் பருத்திக் குல்லா, ஸ்ட்ரா, அத்தைக்கு முட்டித் தைலம்.
நாளை எப்படியும் சொல்லிவிட வேண்டும். அவள் உடம்பு, அவளுக்குத் தெரியாமல் நான் யார் மறைக்க?

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தேன். "அந்த ரிப்போர்ட்டு..."

"தெரியுங்க."

"டாக்டர் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. கல்யாணத்துக்கு முன்ன உங்க லைன்ல மூணு வருசம் பேக்கிங் பண்ணவ நானு. எத்தன பெட்டி திருப்பி அனுப்பியிருக்கீங்க! ஒன்னு கொறஞ்சா என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சிரிச்ச?"

"ஒன்னு கொறஞ்ச பெட்டிய இந்த மனுசன் இன்னிக்குத்தான் மொதத் தடவயா பாஸ் பண்றாருன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சிங்க."

கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்துவிட்டார். குல்லா அவள் தலைக்குப் பெரிது. மாற்ற வேண்டும்.