கமராவுக்கு முன்னால் சொன்னது

சல்லி,
திருகோணமலை.

அன்பும் மதிப்பும் உள்ள சின்ன மாமாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். சுவிஸில் குளிர் கூடிவிட்டது என்று அம்மா சொன்னா. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் அரையாண்டுப் பரீட்சை முடிந்து, பெறுபேறும் பார்த்துவிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

என் படிப்புக்காக நீங்கள் கேட்டு ஒழுங்குசெய்த உதவிச் சங்கத்தார், பெட்டைக்குத் திமிர் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று நடந்ததை நீங்கள் என்னிடமிருந்தும் அறிய வேண்டும், மாமா.

காசு சேர்ப்பதற்கு வீடியோ எடுக்கவென்று சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அப்பா இஸ்திரி போட்ட சேட் போட்டிருந்தார். நீங்கள் வாங்கித் தந்த பிரிட்ஜைப் பழைய சாறத்தால் மூடச் சொன்னார்கள். அம்மா மூடினா. பிறகு, அப்பாவைச் சேட்டைக் கழற்றிவிட்டுக் கிழிந்த வலைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். "ஒரு நேரம்தான் சாப்பிடுறம் எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றார்கள்.

அப்பா பொத்தானில் கை வைத்தார். யாருக்கும் பணிந்து கதைக்காத மனிதர், மாமா. எனக்காக இரண்டு பொத்தான்களைக் கழற்றிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கழட்டாதேங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டுக் கமராவுக்கு முன்னால் போய் நின்றேன். "நாங்கள் மூண்டு நேரமும் சாப்பிடுறனாங்கள். அப்பா கடலில உழைச்சுத்தான் நான் படிச்சனான். கம்பசுக்குக் காசு காணாது. அவ்வளவுதான்" என்றேன்.

"அப்பிடிச் சொன்னால் ஆர் தங்கச்சி காசு தருவினம்?" என்று கேட்டுவிட்டுக் கமராவை நிறுத்தினார்கள். அதோடு உதவியும் நின்றது.

அம்மா சில நாள் என்னோடு கதைக்கவில்லை. அப்பா பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். நான் அவரைக் குறைத்துவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் அடுத்த நாள் மீன் எடுக்க வந்த றிஸ்கான் நானா, உதவி கிடைத்ததா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டபோது, "கிடைக்கேல்ல. ஆனா பிள்ளை போகும்" என்றாராம். றிஸ்கான் நானாவே வந்து சொன்னார்.

கம்பஸ் தொடங்கும்வரை நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். மதிய வெயிலில் சைக்கிள் மிதித்துக் கறுத்துப்போனேன். அந்தக் காசில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். அடிக்கடி நின்றுவிடும், ஆனாலும் வேலைக்கு உதவுகிறது.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ் காசை நினைத்து இவ்வளவு நாளும் வீட்டுக்கு வரவில்லை. கூடப் படிக்கிறவர்கள் நுவரெலியாவுக்குப் போனபோது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். தோப்பூர் ஷிஃபானா என் அறையில் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு பானையில் சமைத்துச் சாப்பிடுகிறோம். அரசாங்கத்தின் மகாபொல உதவிப்பணத்துக்கும் பெயர் வந்திருக்கிறது, இனிக் கொஞ்சம் லேசாகும். கணிதத்துக்கு 'ஏ' கிடைத்திருக்கிறது, மாமா. பெறுபேறு ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்கு யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க முடிந்தது.

உங்கள் மனதை நோகடித்திருந்தால் மன்னியுங்கள். நீங்கள் எனக்காகப் பலரிடம் கேட்டிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா உங்கள் இலக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். நீங்கள் கோபம் என்று நினைத்துக் கூச்சப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார். அன்றைக்கு ஒருக்கால் நீங்களே போன் எடுங்கள். சங்கத்தைப் பற்றியோ காசைப் பற்றியோ ஒன்றும் வேண்டாம். "அத்தான், மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அவர் சொல்லட்டும்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் துணையிருப்பா.

உங்கள் மருமகள்,
சிவரூபி