வரிசையில் நிற்கும் அப்பாவின் பெயர்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம்.

என் அன்பு அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குளிரில் விரல் மடங்கவில்லை. 

நீங்கள் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து போன பிறகு, எஸ்டேட் ஆபீசில் உங்கள் நாற்காலியில் செல்வம் அண்ணன் உட்காருகிறார். பாவம், அவருக்குத் தேயிலைக் கொளுந்து எடை போடத்தான் தெரியும். உங்கள் கம்ப்யூட்டரை உங்கள் பெயரிலேயே திறந்து வேலை செய்கிறார். அதனால் அவர் எதை அனுப்பினாலும் பிரிண்டர் வரிசையில் உங்கள் பெயர்தான் விழுகிறது. நீங்கள் இன்னும் வேலைக்குப் போய்வருவது போல.

போன மாதம் பிரிண்டர் நின்றுவிட்டது. பள்ளி விட்டு வந்த என்னை அண்ணன் வழியில் பிடித்தார்.

"ஏ பாப்பா, அப்பாகூட வந்து ஒக்காந்திருப்பியே, ஒனக்குத் தெரியும்ல? என்னையக் கண்டா அதுக்கு ஆக மாட்டேங்குது."

வரிசையைத் திறந்தேன். முதலில் நின்றது சிக்கிக்கொண்டு, பின்னால் நின்ற எல்லாவற்றையும் மறித்திருந்தது. அதன் தலைப்பில் நம் வீட்டு எண். அனுப்பியவர் என்ற இடத்தில் நீங்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலையில் ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும், நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் என்று மேனேஜர் அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தார். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அம்மாவுக்குப் போக ஓர் இடமும் இல்லை. நம்மை வெளியே போகச் சொல்லும் தாளை நீங்களே அனுப்பியது போல இருந்தது அப்பா. அதை நான் எப்படி வெளியே விடுவேன்?

'அடுத்தவர் பிரிண்டை அழிக்காதீர்கள்' என்று தமிழிலும் மலையாளத்திலும் நீங்கள் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அழிக்கவில்லை. அதை மட்டும் நிறுத்திவைத்தேன். மற்றவை எல்லாம் கடகடவென்று ஓடின. அண்ணன் சந்தோஷத்தில் எனக்கு டீக்கடையில் வர்க்கி வாங்கிக் கொடுத்தார்.

பிரிண்டர் இருப்பது மேனேஜர் அறையில். வெளியே இருந்து அனுப்பிய அண்ணன், தாளை மேனேஜர் எடுத்திருப்பார் என்று நினைத்தார். அண்ணன் எடுத்து நம் வீட்டில் கொடுத்திருப்பார் என்று மேனேஜர் நினைத்தார். இருவரும் நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் நமக்கு வீடு இருந்தது.

இன்று மத்தியானம் மேனேஜர் அம்மாவை ரோட்டில் நிறுத்தி, ஏன் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை என்று கேட்டிருக்கிறார். அம்மா ஒன்றும் அறியாமல், நோட்டீஸே வரவில்லையே என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நமக்காகப் பரிதாபப்பட்டு அவர்தான் ஒளித்துவைத்தார் என்று மேனேஜர் திட்டினாராம். நோட்டீஸ் எங்கே போனது என்று சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாமாம்.

"நான் ஒளிச்சிருந்தாக்கூட பரவால்லக்கா, ஒங்களுக்காக வேல போச்சுன்னு இருந்திருப்பேன். நான் ஒண்ணுமே செய்யலியே" என்றார். அவர் கையில் அம்மா கொடுத்த கட்டன்சாயா ஆறிப்போனது. மறுபடியும் ஆபீசுக்கே தேடப் போவதாகச் சொல்லி எழுந்தார்.

நான் அடுப்புப் பக்கம் நின்றேன். விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவருக்கும் இதே எஸ்டேட் லயத்தில், நம் வரிசையில்தானே வீடு? அவர் வேலை போனால் அந்த வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். அதையும் உங்கள் பெயரில்தான் அடிப்பார்களா அப்பா?

நீங்கள் இருந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. விடிந்ததும் நானே போய் நம் நோட்டீஸை ஓடவிட்டு, தாளை என் கையாலேயே வாங்கிக்கொள்கிறேன். அண்ணன்மேல் தப்பில்லை என்று மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இது சத்தியம். அம்மாவிடம் மட்டும் எப்படிச்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். செல்வம் அண்ணன் குரல்தான்.

"யக்கா, நோட்டீஸ் கெடச்சிருச்சு. ஒங்க வீட்டு அண்ணன் பேர்லதான் நிறுத்திவச்சிருக்கு. பாப்பாவக் கொஞ்சம் எழுப்புங்க."

அப்பா, உங்கள் மக