எட்டு கோரும் எனக்கே

ஜூன் 10, திங்கள்
வெள்ளிக்கிழமை ஆடிட். அதற்குள் மெஷின்களிலிருந்து வந்த நானூறு கோப்புகளையும் அலசி அறிக்கை தந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று குவாலிட்டி மேனேஜர் ரத்தினவேல் சார் சொல்லிவிட்டார். ஆர் (R) என்ற கணினி மொழியில் நான் எழுதிய நிரலோ எல்-அப்ளை என்ற கட்டளையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகத்தான் மெல்லுகிறது. காலையில் ஓட்டினால் சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்போது ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். அழுகைதான் வருகிறது.

ஜூன் 11
பாரலல் என்று ஒன்று இருக்கிறதே! மூலையில் இருக்கும் சர்வரில் எட்டு கோர் — எட்டு மூளை மாதிரி. கோப்புகளைப் பங்கு போட்டுக் கொடுத்தால் எட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

ஜூன் 12
ஓடவில்லை. நிரலுக்குள் நான் எழுதிய ஃபங்ஷனே தெரியாது என்கின்றன எட்டும். அதை ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுப்பிவைக்க வேண்டுமாம். நானே டிரெய்னி, எனக்குக் கீழே எட்டு டிரெய்னி!

ஜூன் 13
பிழையைத் திருத்தி, எட்டுக்கும் ஃபங்ஷனை அனுப்பிவைத்தாயிற்று. யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று, ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்து எட்டு கோரையும் எடுத்து ஓட்டினேன். அப்போது யார் கம்ப்யூட்டரைத் தொடப்போகிறார்கள்? என்ன அறிவு எனக்கு!

கேட்டில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷினும் அதே சர்வரில்தான் ஓடுகிறதாம். சூளகிரி பஸ், ராயக்கோட்டை பஸ் என்று வந்து இறங்கிய அத்தனை பேரும் வெயிலில் வரிசையில். செக்யூரிட்டி கங்கப்பன் ஓடிவந்தார். "ஒருத்தர் வெரலையும் எடுக்க மாட்டேங்குதுங்கம்மா. தொடச்சுத் தொடச்சு வெரலே தேஞ்சு போச்சு!"

பின்னாலேயே ரத்தினவேல் சார். கோபம் வந்தால் மதுரைப் பேச்சு வந்துவிடும். "என்னத்தம்மா பண்ணித் தொலைச்ச? உள்ள ஆளில்லாம லைனே நிக்குது! நிப்பாட்டு!"

போச்சு, எல்லாம் போச்சு — வீட்ல என்னன்னு சொல்லுவேன்? மவுஸைத் தொடுவதற்குள் திரையில் முழு அறிக்கையும் வந்து நின்றது. சார் அதைப் பார்த்தார். ஜன்னல் வழியே வரிசையைப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

"பிரிண்ட் எடு" என்றார்.

ஜூன் 14
ஆடிட் நல்லபடியாக முடிந்தது. சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 1, திங்கள்
நிரந்தரமாகிவிட்டேன்! சார் போட்டது ஒரே நிபந்தனை: "கேட்டு மெஷினுக்கு ரெண்டு கோர விட்டுட்டு ஓட்டு."

மதியம் ஷிப்ட் மாறும்போது கங்கப்பன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு எத்தனைங்கம்மா?"

"ஆறுதான் அண்ணா."

அவர் வரிசையின் பக்கம் திரும்பிக் கத்தினார். "வாங்க, வாங்க, வெரல வைங்க!"