பட்டியலில் எங்கள் வீடு

பிப்ரவரி 3

தெரு முனையில் கேமரா கம்பம் நட்டுவிட்டார்கள். ஸ்மார்ட் சிட்டி வேலையாம். மூன்று கேமராக்கள், ஒன்று நேராக எங்கள் கேட்டைப் பார்க்கிறது. எதிர்வீட்டு ரெம்யாவிடம் கேட்டேன். அவள்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். "அது தெருவைப் பாக்கறதாக்கும் மாமி, உங்களை இல்ல" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள்.

எதற்குச் சிரிக்க வேண்டும்?

பிப்ரவரி 8

இப்போது வார்டுக்கென்று ஒரு ஆப். தண்ணீர் வராத நாள், குப்பை எடுக்கிற நேரம், அக்கம்பக்கத்துச் செய்தி எல்லாம் அதில் வருமாம். பதிலுக்கு நாம் சொல்ல வேண்டியது: வீட்டில் எத்தனை பேர், வயது, ரத்த வகை, நோய். நோய் என்ற இடத்தில் 'இல்லை' என்று அழுத்தினேன்.

இவருக்கு மறதி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இவருக்கே தெரியாது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜானவியிடம்கூட நான் சொல்லவில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போடுவதில்லை, இவர் சத்தம் காதில் விழ வேண்டுமே. நேற்று சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்து, "விஜயம், இலை போட்டாச்சா?" என்கிறார். முப்பத்தைந்து வருடம் பேங்கில் இருந்த மனுஷர். இதையா ஊருக்கு அழுத்திக் காட்டுவேன்?

பிப்ரவரி 17

காலையில் வார்டு தன்னார்வலர் என்று ஒரு பெண் வந்தாள். பெயர் ஷெமி. ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "இங்க மறதியுள்ள ஒரு ஸார் உண்டல்லே? சுகமா இருக்காரான்னு பாக்க வந்தேன்" என்றாள்.

"யார் சொன்னா?"

"லிஸ்டுல உண்டு மாமி."

"லிஸ்டுல யார் போட்டா?"

"அதைச் சொல்லப் பாடில்ல மாமி, கூடாது."

கதவைச் சாத்தினேன். முகத்தில் அடித்தாற்போலத்தான் சாத்தினேன்.

பிப்ரவரி 18

யார்? டாக்டரா? அவருக்கு ஆப்பும் கிடையாது, நேரமும் கிடையாது. ரெம்யாதான். போன வாரம் இரண்டு தடவை "மாமா எங்க மாமி?" என்று விசாரித்தாள். சும்மா கேட்பாளா? இல்லாவிட்டால் கேமராவில் பார்த்தார்களோ — அன்றைக்கு வீடு தெரியாமல் நாலாவது வீட்டு வாசலில் போய் நின்றாரே, அதை?

எல்லோரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிற மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பிப்ரவரி 21

கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு. திருட்டுப் பயம் என்று இவரிடம் சொன்னேன். நம்பினார். நம்பினது கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 27

கேட்டருகே நின்று பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். போகவில்லை.

மார்ச் 6

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனசு ஆறாது.

காலை பத்தேகாலுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. அதற்காகக் கேட்டைத் திறந்தேன், பூட்ட மறந்தேன். மறதி எனக்கு! சிலிண்டரை மாட்டிவிட்டு வந்தால் ஆளைக் காணோம். தெரு, கோயில் பக்கம், குளக்கரை — முக்கால் மணி நேரம் நானே தேடினேன். யாரிடமும் கேட்கவில்லை. எதிரே வந்தவர்களிடம் காய் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

கடைசியில் ரெம்யா வீட்டு மணியை அடித்தேன். "மாமாவைக் காணோம்டீ."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேமரா பார்க்கிறவர்களுக்கு ஃபோன் செய்தாள். பத்து இருபத்திரண்டுக்குக் கம்பத்தைத் தாண்டியிருக்கிறார், நீலச் சட்டை, அட்டக்குளங்கரைப் பக்கம். பிறகு ஆப்பில் அவர் ஃபோட்டோவை ஏற்றிவிட்டு, "என்ன எழுதட்டும் மாமி?" என்றாள்.

"மறதி வியாதின்னு எழுது. ஒரு வருஷமா."

இருபது நிமிடம். சாலை பஜாரிலிருந்து ஃபோன். ஹார்டுவேர் கடை மகேஷ்குமார் என்று ஒருவர். "பேடிக்காண்டாம் அம்மா, பயப்படாதீங்க, ஸாரு நம்ம கடையிலதான் இருக்காவ. ஒரு சாவி வேணும்னு கேட்டாவ. எந்தப் பூட்டுக்குன்னா சொல்லத் தெரியல. உக்கார வெச்சு சாயா குடுத்திருக்கேன்."

சாவி. என் பூட்டுக்குச் சாவி.

மார்ச் 7

ரெம்யாவுக்கு நன்றி சொல்லப் போனேன். போன இடத்தில் கேட்டேவிட்டேன். "எங்காத்து விஷயத்தை லிஸ்டில் போட்டது நீதானே?"

அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் ஒரு காகிதம் எடுத்து வந்தாள். "மாமாதன்னே ஜனவரியில வந்து தந்தது. உங்ககிட்ட பறயக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டார்."

அவர் கையெழுத்து. பேங்க் கடிதம் மாதிரி ஓரம் விட்டு எழுதியிருந்தார்: 'எனக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. நான் வழி தவறினால் உதவுங்கள். என் மனைவிக்கு இது தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டாள்.'

வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றினேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம், தெளிவாக இருந்தார்.

"ஏன்னா, எனக்குத் தெரியும்."

பேப்பரை மடித்தார். "எப்போலேர்ந்து?"

"உங்களுக்கு முன்னாடியே."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டு பேரும் நன்னா நடிச்சிண்டிருந்திருக்கோம்" என்றார்.

மார்ச் 15

ஜானவியிடம் சொல்லியாயிற்று. அழுதாள், கோபித்தாள், ஏப்ரலில் வருகிறாள்.

கேமராவில் பார்ப்பது யார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. விடமாட்டேன். வார்டு முழுக்கத் தெரிகிற பட்டியலிலிருந்தும் எங்கள் வீட்டை எடுக்கச் சொன்னேன். பதிலாக ஃபோனில் ஆறே பேர் கொண்ட குழு. ஐந்து பேரை நானே தேர்ந்தெடுத்தேன். இவரிடமும் கேட்டேன், ஷெமி வந்து போன கதையையும் சொன்னேன்; அவளைச் சேர்க்கச் சொன்னது இவர்தான். அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, சேர்த்தேன்.

ஏப்ரல் 9

ஒன்பதரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "நடந்துட்டு வரேன்" என்றார். சரி என்றேன்.

ரெம்யா: 'மாமா முனை தாண்டியாச்சு.'

ஷெமி: 'அட்டக்குளங்கரையில் பார்த்தேன். கையைப் பிடித்து ரோடு கடத்திவிட்டேன்.'

மகேஷ்குமார்: 'வந்துட்டாவ. பேப்பர் படிச்சுச் சொல்லுதாவ. பதினோரு மணிக்கு நானே கொண்டுவிடுதேன்.'

ஃபோனை மேஜையில் வைத்தேன். எண்ணெயைச் சுடவைத்துத் தலையில் ஊற ஊறத் தேய்த்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளித்தேன்.