உணவுக்கு முன்

கொழும்பு
03.11.2025

அன்புள்ள அண்ணி,

போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பிரஷர் ஏறித்தான் அப்பாவுக்குக் கைகால் விழுந்தது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒழுங்காக மாத்திரை குடித்தவருக்கு எப்படி ஏறும்? உங்கள் ஊர் பார்மசிக்கார நளீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் முறைப்பாடு எழுதிவிட்டேன். உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

பிரேமிளா

முருகன் துணை
தெல்தோட்டை
06.11.2025

அன்புள்ள பிரேமிளாவுக்கு,

மாமா இன்று இரண்டு கரண்டி கஞ்சி விழுங்கினார். கட்டாரில் இருக்கும் உங்க அண்ணனிடமும் சொல்லியாச்சு.

நளீர் நானா மேல் பழி வேண்டாம். டொக்டர் எழுதும் மருந்துத் துண்டில் இருப்பவை லத்தீன் சொற்களின் முதல் எழுத்துகள் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். 'ஏ.சி.' என்றிருந்ததைப் பார்த்து, "ஏ.சி. ரூம்ல வச்சா குடுக்கணும் நானா?" என்று கேட்டேன். "அப்படின்னா தோட்டத்துல ஒருத்தருக்கும் மருந்து குடிக்க ஏலாதே தங்கச்சி!" என்று சிரித்தார். 'ஏ.சி.' என்பதில் ஆன்டே என்றால் முன், சிபும் என்றால் உணவு. 'பி.டி.' என்பதில் பிஸ் இருமுறை, டியே நாளில். எல்லாம் கொப்பியில் எழுதி, கட்டம் போட்டு, கொடுத்த வேளைக்கெல்லாம் சரி போட்டிருக்கிறேன். மாத்திரை மாறவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன்.

அன்புடன்,
அண்ணி கலாராணி

கொழும்பு
10.11.2025

அண்ணிக்கு,

அவருக்காக இவ்வளவு பேசுகிறீர்கள். மாத்திரை மாறவில்லை என்றால் என்னதான் நடந்தது? கொப்பியை அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த திங்கள் முறைப்பாடு போகும். அவருடைய லைசன்ஸ் போகட்டும்.

பிரேமிளா

முருகன் துணை
தெல்தோட்டை
13.11.2025

பிரேமிளா,

கொப்பி இதோடு வருகிறது. ஒக்டோபர் இருபத்திரண்டு முதல் ஆறு நாளும் கட்டங்கள் காலி. கந்தசஷ்டி. மாமாவும் நானும் வெறும் தண்ணீரில் விரதம் இருந்தோம். உணவுக்கு முன் என்றுதானே இருக்கிறது, உணவே இல்லையே என்று மாத்திரையைத் தொடவில்லை. "மருந்து வேணாமாம்மா?" என்று மாமா கேட்கத்தான் செய்தார். "அது சாப்பாட்டுக்கு முந்திக் குடிக்கிறது மாமா" என்றேன். அர்த்தம் தெரியும் என்கிற திமிர். நளீர் நானாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறாம் நாள், சூரசம்காரத்தன்று, மாமாவுக்குக் கைகால் விழுந்தது.

போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மாமாவைக் கூட்டிப் போய்விடுவீர்களோ என்று பயம்.

கலாராணி

கொழும்பு
17.11.2025

அண்ணி,

முறைப்பாட்டைக் கிழித்துவிட்டேன். ஞாயிறு வான் வரும். அப்பா இனி இங்கே இருப்பார். உடுப்புகளை மடித்து வையுங்கள். நீங்கள் வாசலுக்கு வர வேண்டாம்.

கொப்பியைத் திருப்பித் தரமாட்டேன். அதைப் பார்த்துத்தான் இங்கே மருந்து கொடுக்க வேண்டும். 'உணவுக்கு முன்' என்று நீங்கள் எழுதியிருந்ததன் கீழே, 'சாப்பிடாத நாளிலும்' என்று சேர்த்துவிட்டேன்.

பிரேமிளா